எதிர்மனுதாரர் வீட்டில் இல்லை

சிரில் அந்தக் கவரைக் கையால் தொடவில்லை. மேஜைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்து, அதன் நுனியால் கவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பக்கத்து மேஜையில் நாகேஷுக்கென்று கட்டி வைத்திருந்த சம்மன்களுக்கு நடுவில் செருகினார். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார்.

தலைமை எழுத்தர் பத்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சிரில், அதுல பாம்பு கீதா?”

“வெளிநாட்டுக் காயிதம் மேடம். நாகேஷ் புதுசா மாத்தலாகி வந்தவரு. கத்துக்கட்டுமேன்னுதான்.”

“கத்துக்கட்டும். அதுக்கு எதுக்கு ஸ்கேலு?”

சிரில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்குக் கோர்ட்டில் சம்மன் கொடுக்கும் வேலை. ஊரில் அமீன் என்பார்கள். தங்கவயலில் அவர் தட்டாத கதவு இல்லை. சம்மன் வாங்காமல் தப்பிக்க மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. தானே தன் தம்பி என்று சாதித்தவனைப் பார்த்திருக்கிறார். புருஷன் செத்துவிட்டார் என்று ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழ, அந்தப் புருஷன் பரண்மேலிருந்து தும்மியதைக் கேட்டிருக்கிறார். எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: “கையில வாங்கிக்க நைனா. வாங்குற வரைக்கும்தான் பயம்.”

வெளிநாட்டுக் கோர்ட்டுகளின் சம்மன் எப்போதாவதுதான் வரும். அதுவும் நேராக வராது. அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து பெங்களூரு, பிறகு கோலார், பிறகுதான் இங்கே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, ஒரு நீண்ட தூக்கம். முதலில் போட்ட காகிதத்தை நிறுத்தச் சொல்லி இன்னொரு காகிதம் போட்டாலும் அதற்கும் அதே வழி, அதே தூக்கம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் ஒருமுறை கனடாவிலிருந்து சம்மன் வந்தது. சிரில் கொடுக்கப் போனபோது அந்தக் குழந்தையே அரும்பு மீசையோடு வந்து கதவைத் திறந்தது.

இன்று வந்திருந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக் கோர்ட் கவர். மேல்தாளில் சிரில் படித்தது மூன்றே வரிகள். மனுதாரர்: வின்னி. எதிர்மனுதாரர்: சிரில் பெஞ்சமின் தேவசகாயம், சாம்பியன் ரீப்ஸ். விஷயம்: விவாகரத்து. நான்காவது வரிக்குள் கண் இருட்டிவிட்டது.

வின்னி அவருடைய மனைவி. எதிர்மனுதாரர் அவரேதான்.

ஆபீசில் அவர் வெறும் பி. சிரில். ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அதை வைத்த பாதிரியார், கட்டிக்கொண்ட வின்னி. பாதிரியார் காலமாகிவிட்டார். அதனால்தான் பத்மா அந்தப் பெயரைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

வின்னி நர்ஸ். பெர்த்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்துப் போனாள். பின்னாலேயே சிரில் போவதாகப் பேச்சு. அவர் போகவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒருநாள் போனில் வின்னி வெடித்துவிட்டாள்.

“வர்றீங்களா, இல்ல கோர்ட்டையே கட்டிக்கினு இருக்கப்போறீங்களா?”

“கோர்ட்டு இந்த மாதிரி கத்தாது” என்றார் சிரில்.

அதற்குப்பின் ஒரு வருஷத்துக்குமேல் இருவருக்கும் பேச்சில்லை. பிறகு சிரில் டைபாய்டில் படுத்ததைக் கேள்விப்பட்டு அவளே கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கோயில் முடிந்ததும் பேசிக்கொண்டார்கள். பேச்சு கல்யாணமான புதிதில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. சிரில் அவளுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப்போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை “சாப்ட்டீங்களா?” என்று கேட்கிறவள் திங்கட்கிழமை விவாகரத்து அனுப்புவாளா? சிரிலுக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. கவரைக் கையில் வாங்கினால் கல்யாணம் போச்சு. வாங்காதவரை வின்னி அவர் பெண்டாட்டி.

நாகேஷ் முல்பாகல் பக்கத்துக்காரர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சிரித்த முகம். இங்கே தெருக்கள் எதுவும் இன்னும் பிடிபடவில்லை. மறுநாள் கவரைத் தூக்கிக்கொண்டு நேராக சிரிலிடமே வந்தார்.

“சிரில் அண்ணா, இந்த ஆளு உங்க சாம்பியன் ரீப்ஸ் ஏரியாதான். தெரியுமா?”

சிரில் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். “தேவசகாயமா? அவங்க குடும்பமே பேத்தமங்களா போயிடுச்சே. ஏரிக்கரைப் பக்கம்.”

“ஹௌதா, அப்படியா? சரி அண்ணா” என்று நாகேஷ் வண்டியை எடுத்தார்.

மாலையில் முகமெல்லாம் மலர்ச்சியோடு திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

“ஏரி மீனை அங்கேயே வறுத்துக் குடுக்கறாங்க. ஏன் அண்ணா மொதல்லயே சொல்லல? உங்களுக்கும் வாங்கினு வந்தேன்.”

“ஆளு?”

“ஆளு இல்ல. எதிர்மனுதாரர் வீட்டில் இல்லைன்னு எழுதிட்டேன்.”

“எந்த வீட்டுல?”

“அதான் அண்ணா, ஏரிக்கரைல வீடே இல்ல.”

சிரில் மீனைத் தின்றபடி அவரையே பார்த்தார். இந்த மனுஷன் எப்படி இந்த வேலைக்குத் தேர்வானார் என்று ஆச்சரியமாக இருந்தது. நாகேஷ் அடுத்த வாரமும் பேத்தமங்களா போனார், “ஒருவேளை அன்னிக்கு வெளிய போயிருந்தா?” என்று. அதற்கடுத்த வாரமும் போனார். மூன்று முறையும் மீன் வந்தது.

பத்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அட்ரஸ்ல சாம்பியன் ரீப்ஸ்னு கீது. நீ எதுக்குப்பா வாராவாரம் பேத்தமங்களாவுக்கு ஓடுற? அந்த வீட்டுக்குப் போ. ஆளு கெடைக்கலன்னா கதவுல ஒட்டிட்டு, அக்கம்பக்கத்துல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கு. முடிஞ்சுது.”

ஒட்டினாலும் சட்டப்படி கொடுத்தமாதிரிதான்.

“நாளைக்கு சிரிலும் கூடப் போகட்டும்” என்று பத்மா அதோடு ஒன்றையும் சேர்த்தார். “சிரிலுக்குத் தெரியாத வீடா? இந்தா சிரில், இந்தக் கவரை நாகேஷ்கிட்ட குடு.”

கவர் சிரிலின் மூக்குக்கு நேராக நீண்டது. சிரில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“நானே எடுத்துக்கறேன் மேடம்” என்று நாகேஷ் எட்டிப் பிடுங்கிக்கொண்டார். சிரிலுக்குப் போன உயிர் திரும்பியது.

அன்று வீட்டுக்குப் போனதும் சிரில் முதல் வேலையாகக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார். அப்புறம் பக்கத்து வீட்டு டைட்டஸைத் தேடிப் போனார். டைட்டஸ் சுரங்கத்தில் கேஜ் என்ற ஆள்கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சினை ஓட்டியவர். சுரங்கம் மூடிய பிறகு, தெருவில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அதில் இறங்குவதையே வேலையாக வைத்திருந்தார்.

“நாளைக்கு ஒருத்தரை இட்டுனு வருவேன். என்னைத் தெரியாத மாதிரி இரு. சிரில் எங்கன்னு கேட்டா, இல்லன்னு சொல்லு. அவ்ளோதான்.”

“இல்லன்னு சொல்லணும். அவ்ளோதானே? என்கிட்ட வுட்டுரு.”

மறுநாள் காலையில் சிரில், நாகேஷின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, தன் வீட்டுக்குத் தானே வழி காட்டிக்கொண்டு வந்தார். டைட்டஸ் வாசலில் தயாராக நின்றிருந்தார். சட்டைகூட மாற்றியிருந்தார்.

“பெரியவரே, இங்க சிரில் பெஞ்சமின் தேவசகாயம்னு ஒருத்தர்...” என்று நாகேஷ் ஆரம்பித்தார்.

“இல்ல!” என்றார் டைட்டஸ் உரக்க.

“இல்லன்னா, வெளிய போயிருக்காரா?”

டைட்டஸ் சிரிலைப் பார்த்தார். சிரில் கண்ணைக் காட்டினார். டைட்டஸ் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“செத்துட்டான்!”

சிரிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டைட்டஸுக்கோ உற்சாகம் பிறந்துவிட்டது. “ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள். கேஜ் ரோப் அறுந்தாப்புல பொசுக்குன்னு போயிட்டான். நான்தான் பெட்டியைத் தூக்கினேன். இன்னா கனம்ன்ற! நல்லவன்தான். ஆனா என் ஏணியை வாங்கினு போனவன் கடைசி வரைக்கும் திருப்பியே தரல.”

இதைச் சொல்லும்போது டைட்டஸ், சிரிலை நேராகவே பார்த்தார்.

நாகேஷ் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. “சிரில் அண்ணா, உங்க பேரையே வெச்சிருந்தவரு. பாவம். ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போலாமா?”

பூட்டிய தன் வீட்டு வாசலில், தலையைக் குனிந்து, தனக்காகத் தானே சிரில் மௌனமாக நின்றார். பக்கத்தில் டைட்டஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

நாகேஷ் கதவில் எதையும் ஒட்டவில்லை. செத்தவர் வீட்டில் ஒட்டுவது பாவம் என்று சொல்லிவிட்டார்.

அப்பாடா என்று சிரில் மூச்சுவிட்டது அன்று சாயங்காலம் வரைக்கும்தான். டைட்டஸ் உரக்கச் சொன்னதைத் தெருவில் யாரோ பாதியில் கேட்டிருக்கிறார்கள். அது கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், கூப்பிய கைகளும் மெழுகுவர்த்திகளுமாக ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. இருட்டும் முன் கதவு தட்டப்பட்டது. சிரில் திறந்தார். கோயில் உபதேசியார் ஏசுபாதம், கையில் ஜெபப் புத்தகத்தோடு நின்றிருந்தார்.

“எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?” என்றார் கவலையாக.

“யாரை?”

“சிரிலைத்தான்...” என்றவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெபப் புத்தகம் கீழே விழுந்தது.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்துக்கொண்டிருக்கும்போதே ஆண்டர்சன்பேட்டைப் பூக்கடையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. ஆபீஸ் நண்பர்கள் யாரும் அனுப்பவில்லை. கோயிலில் அவர் முன்பு பாடிவந்த பாடகர் குழு அனுப்பியிருந்தது. அவ்வளவு நன்றாக அவர்கள் சிரிலை உயிரோடிருக்கும்போது நடத்தியதே இல்லை. மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று அவர் யோசிக்கும்போது போன் அடித்தது. பெர்த்.

“யாரு பேசுறது?” வின்னியின் குரல் உடைந்திருந்தது.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“சிரில்.”

அந்தப் பக்கம் பெரிய அழுகை. அது தப்பான செய்தி என்று அவளை நம்பவைக்க அவர் ஒரு பாட்டே பாட வேண்டியிருந்தது. பாட்டில் சுருதி விலகியதும்தான் அவள் நம்பினாள்.

“போதுங்க. இனிமே இவ்ளோ தூரத்துல இருந்துகினு என்னால முடியாது. லீவு போட்டுட்டேன். கிறிஸ்மஸுக்கு வரேன்.”

போனை வைத்தபோது சிரில் ஆனந்தமாக இருந்தார். பிறகு அவருடைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எதிர்மனுதாரர் அகப்படவில்லை என்றால் கோர்ட்டில் என்ன செய்வார்கள்? மனுதாரரையே கூட்டிக்கொண்டு போய் ஆளை அடையாளம் காட்டச் சொல்வார்கள். இதோ, இவர்தான் என்று விரலை நீட்டினால் போதும்.

வின்னி அடையாளம் காட்டத்தான் வருகிறாள்!

அவள் வந்த அன்று சாம்பியன் ரீப்ஸ் முழுக்க நட்சத்திர விளக்கு கட்டியிருந்தார்கள். வின்னி கொஞ்சம் இளைத்திருந்தாள். பெட்டியை வைத்த கையோடு அடுப்படிக்குள் நுழைந்தவள் பன்றிக்கறி சமைத்தாள், கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல் பொரித்தாள், அவர் சட்டைகளில் அறுந்திருந்த பித்தான்களையெல்லாம் தைத்தாள். இதெல்லாம் விவாகரத்துக்கு முன்னால் செய்கிற வேலையா என்று சிரில் குழம்பினார். குழம்பியபடியே மூன்றாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே வின்னி துள்ளி எழுந்தாள். “இன்னாங்க, கொத்தமல்லி வாங்கினு வாங்க” என்று அவரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தாள். தபால்காரர் வந்தாலும் அப்படித்தான், சிலிண்டர்காரர் வந்தாலும் அப்படித்தான். வீட்டில் கொத்தமல்லி குவிந்தது.

“ஏன் வின்னி, இவ்ளோ கொத்தமல்லியா?”

“பெர்த்துல இந்த வாசனையே கெடைக்காதுங்க” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நான்காவது கட்டோ ஐந்தாவது கட்டோ வாங்க ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனபோது சிரில் அந்தக் காட்சியைக் கண்டார். பேக்கரி வாசலில் வின்னியும் நாகேஷும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வின்னி கெஞ்சுவதுபோல ஏதோ சொன்னாள். நாகேஷ் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவள் ஒரு பிளம் கேக்கை வாங்கி அவர் கையில் திணித்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றபடி வாங்கிக்கொண்டார்.

சிரில் வாழைக்குலைகளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பன்றிக்கறி, பித்தான், கல்கல் எல்லாம் வயிற்றுக்குள் கல்லாகக் கனத்தன.

“என்னப்பா, பழம் வேணுமா, இல்ல குலைக்குள்ளயே குடியிருக்கப் போறியா?” என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு ஆபீசில் நாகேஷ் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிளம் கேக்கில் ஒரு துண்டை மட்டும் நீட்டினார். சிரில் வாங்கிக்கொண்டார். கேக் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது.

பத்மா கிறிஸ்மஸ் விடுமுறைக்குமுன் எல்லாக் கோப்புகளையும் முடித்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார்.

“நாகேஷ், அந்தப் பெர்த் காயிதம் என்னாச்சு? செத்துட்டாருன்னா சர்ட்டிபிகேட் எங்க? அந்த வீட்டுல இப்ப வெளக்கு எரியுதாமே. நாளைக்குப் போய் ஆளு கீறாரா இல்லையான்னு பாத்து ஒரேயடியா எழுதிக் குடு. இல்லன்னா நானே வரேன்.”

“நாளைக்கே போறேன் மேடம்” என்றார் நாகேஷ் சோர்ந்த குரலில்.

சிரில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டைட்டஸிடம் போனார். எல்லாவற்றையும் கொட்டினார். டைட்டஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஒரு வாரத்துக்கு நீ அண்டர்கிரவுண்டு போயிடு” என்றார்.

“சுரங்கத்தையே மூடிட்டாங்களே, எங்க போறது?”

“அப்ப மேல இருந்துகினே சமாளி.” அவரிடம் அதற்குமேல் யோசனை இல்லை. “என் ஏணி மட்டும்...”

வீட்டுக்கு நடக்கும் வழியில் சிரிலுக்கு ஒரு முடிவு பிறந்தது. எத்தனை பேருக்கு எத்தனை கதவுகளில் நின்று சொல்லியிருப்பார், வாங்குகிற வரைக்கும்தான் பயமென்று? அவர்களெல்லாம் கடைசியில் கை நீட்டித்தானே வாங்கினார்கள்? வின்னியை இத்தனை வருஷம் காக்கவைத்தது அவர்தான். “அடுத்த வருஷம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது அவர்தான். அவளுக்கு விடுதலை வேண்டுமென்றால், பெயர்ப்பலகையைக் கழற்றியும் வாழைக்குலைக்குப் பின்னால் ஒளிந்தும் அவளை இழுத்துப் பிடித்துவைப்பது ஆம்பளைத்தனமா? நாளைக்கு நாகேஷ் வரட்டும். மரியாதையாக வாங்கிக்கொள்வோம். அதற்கு முன்னால், பாஸ்போர்ட் வந்துவிட்டது, நான் உன்னோடு வருகிறேன் என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மறுநாள் காலையில் அவர் குளித்து, சவரம் செய்து, கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான் போட முடியவில்லை. பரவாயில்லை. முன்னறைக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வின்னி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் மாவு. “இன்னாங்க இது, எங்க கெளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல. வின்னி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவள் முகம் மாறியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வந்ததுலேருந்து சொல்லணும் சொல்லணும்னு பாக்குறேன். வாய் வரல.”

“மொதல்ல நீ சொல்லு.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

“நான்...” என்று சிரில் ஆரம்பித்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நாகேஷின் வண்டி. அந்த எஞ்சினின் இருமல் சிரிலுக்கு நன்றாகத் தெரியும்.

“ஐயோ, எண்ணெய் காயுது!” என்று வின்னி அடுப்படிக்கு ஓடினாள்.

நேற்று எடுத்த முடிவு, இன்று காலை செய்த சவரம், இத்தனை வருஷ அனுபவம் எல்லாம் அந்த ஒரு நொடியில் சிரிலைக் கைவிட்டன. கோட்டோடு தரையில் படுத்தார். அப்படியே உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். அங்கே டைட்டஸின் ஏணி இருந்தது. இடம் போதவில்லை. முடிந்தவரை சுருண்டுகொண்டார்.

வின்னி திரும்பி வந்தாள். “எங்க போனாரு?” என்று முணுமுணுத்தாள். அவள் பாதங்கள் அங்குமிங்கும் நடந்தன. பின்வாசலை எட்டிப் பார்த்தன. பிறகு முன்கதவுக்குப் போய், தாழ்ப்பாளைத் திறந்தன.

நாகேஷின் ஷூக்கள் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றன. கையிலிருந்த கவரின் விளிம்பு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தெரிந்தது.

சிரில் கண்ணை மூடிக்கொண்டார். இதோ, இவர்தான் என்று அவள் விரலை நீட்டப் போகிறாள். நீட்டட்டும். ஆண்டவரே, சீக்கிரம் முடியட்டும்.

“அவரு இல்ல தம்பி” என்றாள் வின்னி. “விடியக்காலை ட்ரெயின்லயே பெங்களூரு போயிட்டாரு. எப்ப வருவாருன்னு தெரியாது.”

சிரில் கண்ணைத் திறந்தார். கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. அவள் ஏன் பொய் சொல்கிறாள்?

நாகேஷ் கவரால் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

“அக்கா, கோவத்துல போட்ட கேஸை நீங்க வாபஸ் வாங்கின காயிதம் டெல்லியிலேருந்து வந்து சேர்ற வரைக்கும் இவரைக் கண்டுபிடிக்காத மாதிரியே இருக்கச் சொல்லி ஆரம்பத்துலயே போன்ல கெஞ்சினீங்க, நானும் மூணு தடவை மீன் தின்னு, ஒருதடவை அஞ்சலிகூட செலுத்திப் பாத்துட்டேன், ஆனா அண்ணன் இப்படி ரெண்டு காலையும் கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கினு ஒளிஞ்சா, நான் எத்தனை நாளைக்குத்தான் பாக்காத மாதிரி நடிக்கறது?”